பாலத்துக் கணக்கு

சேர்ந்த முதல் மாதத்திலேயே அவள் தன் ஆட்கள் நாலாயிரம் பேரைச் சாகக் கொடுத்துவிட்டாள். ஈட்டிக்காரர்களைச் சேற்று வயலில் இறக்கி, எதிரிக் குதிரைகளின் குளம்படியில் நசுங்கவிட்டாள். மலைக் கணவாய் ஒன்றில் முழுப் படையையும் வரிசை பிடித்து நடத்திப் போய், மேலிருந்து உருண்டு வந்த பாறைகளுக்கு இரை போட்டாள். கோட்டைச் சுவருக்கு ஏணி எட்டாமல் நின்றுபோன முந்நூறு பேர் தலையில் கொதிக்கும் எண்ணெய் விழுந்தது. பகடையில் ஆறு விழுந்ததால் அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

செத்ததெல்லாம் ஈயப் பொம்மைகள்தான். கட்டைவிரல் உயரம்கூட இல்லாதவை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு உள்ளங்கை வேர்த்திருக்கும்.

அந்த விளையாட்டு மன்றம் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடுவில் பன்னிரண்டு அடி நீள மேசை. அதன்மேல் மணலும் மரத்தூளும் பிசைந்து செய்த மேடு பள்ளங்கள், நீலச் சாயம் பூசிய ஆறுகள். மேசையைச் செய்தவரும் பொம்மைகளை வார்த்தவரும் ஒருவரே, லேத்துப் பட்டறைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் எந்திரத்தில் விரல் நசுங்கி அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எக்ஸ்ரே எடுத்தவள் அவள்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எத்தனை நாள்ல பகடை உருட்டலாம்?" என்று கேட்டார். சூதாடி என்று நினைத்து முறைத்தவளை, கை ஆறிய பிறகு ஒரு சனிக்கிழமை கையோடு கூட்டிவந்து மேசையைக் காட்டினார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். மன்றத்தில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேம்மா ஆகிவிட்டாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணியோடு ஒரே வீட்டில் இருந்தாள். அண்ணன் பத்தொன்பது வருடத்துக்கு முன் எல்லைப் போரில் செத்துப்போனான். அண்ணி அதன்பிறகு தன் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்து, நாத்தனாரைப் படிக்கவைத்து, அப்படியே தங்கிவிட்டாள்.

"பொழுதுக்கும் உடைஞ்ச எலும்பு, சனிக்கிழமை ஆனா செத்த பொம்மை. உனக்கு வேற பொழுதுபோக்கே அகப்படலையா பாப்பா?" என்பாள் அண்ணி.

"நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க அண்ணி."

"ஏன், இந்த வீட்டிலேர்ந்து ஒருத்தர் சண்டைக்குப் போனது பத்தாதா?"

அதற்குமேல் பேச்சு வளராது.

மன்றத்தில் யாராலும் அசைக்க முடியாத ஆள் ஒருவர் இருந்தார். ஊருக்குள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பேச்சு குறைவு. வலது கையை எப்போதும் முழுக்கைச் சட்டைக்குள் வைத்திருப்பார். முன்பு பட்டாளத்தில் இருந்தவர் என்று லேத்துக்காரர் சொல்லியிருந்தார். கேட்டால், "கொஞ்ச நாள்," என்பதோடு முடித்துக்கொள்வார். மேசையில் மட்டும் இரக்கமே கிடையாது. ஐந்நூறு பேரை ஒரு மேட்டில் பலிகொடுத்து, அவள் கவனம் அங்கே போன நேரத்தில் மூவாயிரம் பேரோடு பின்பக்கமாக வந்து அவளுடைய படையின் முதுகை முறித்துவிடுவார். அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். பதினான்கு ஆட்டம், பதினான்கு தோல்வி.

பதினைந்தாவது முறை தோற்று, செத்த பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"எக்ஸ்ரேம்மா, நீங்க எல்லாரையும் காப்பாத்தப் பாக்கறீங்க. அதனாலதான் எல்லாரும் சாகறாங்க."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினாள். மூன்றாவது கடையில், ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்று பத்து வருடத்துக்கு முன் வெளியிட்ட கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வில்லும் ஈட்டியும் இருந்த காலம் முதல் அண்மைக்காலம் வரை, உண்மையாக நடந்த அறுபது சண்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், அரைப்பக்கம் நிலவரம், கடைசியில் ஒரே கேள்வி: உன் உத்தரவு என்ன? விடைகள் பின்னால் தனியாக இருந்தன. பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகம் போலவே இருந்ததால் அவளும் அவற்றைக் கணக்கு என்றே சொன்னாள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், எக்ஸ்ரே அறையின் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு, தினம் ஒரு கணக்கு. சுவர்க்கடிகாரத்தில் பதினைந்து நிமிடம். உத்தரவைத் தாளில் எழுதி முடிக்காமல் விடைப் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டிருந்தாள். முதல் இருபது கணக்கில் பதினேழு தப்பு. எல்லாம் ஒரே வகைத் தப்பு. எரிகிற கிராமத்திலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிவர இருநூறு பேரைத் திருப்பி அனுப்புவாள். விடையில், அந்த இருநூறு பேரும் வழியிலேயே வெட்டுப்பட்டார்கள் என்று இருக்கும். ஆற்றின் ஆழம் குறைந்த துறையைக் காக்க நின்றவர்களைக் கடைசி வரை விட்டுவைக்காமல் முன்கூட்டியே பின்வாங்கச் சொல்வாள். எதிரிகள் துறையைத் தாண்டி வந்து, கரையில் நின்றிருந்த மொத்தப் படையையும் தண்ணீருக்குள் தள்ளிக் குத்தினார்கள், ஆறு மூன்று நாள் சிவப்பாக ஓடியது என்று விடை சொல்லும். 'ஏற்கத்தக்க இழப்பு' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. முதலில் அந்தச் சொல் வரும் வரியைப் படிக்காமல் தாண்டிவிடுவாள். முப்பதாவது கணக்கு வாக்கில் அவளே அதை எழுத ஆரம்பித்திருந்தாள்.

மேசையில் பலன் தெரிந்தது. லேத்துக்காரரை ஓட ஓட விரட்டினாள். "உங்களக் கூட்டிவந்த என் வாயில மண்ணப் போட்டுட்டீங்களே," என்று அவர் புலம்பினார். மாஸ்டரோடு ஒரு ஆட்டம் சமனில் முடிந்தது. அவர் பகடையை அவள் பக்கம் மெல்லத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த நாட்களில்தான் ஒரு பேருந்து மதிலில் மோதிக் கவிழ்ந்தது. காலை பத்து மணிக்கு ஒரே நேரத்தில் பதினோரு பேரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து அவள் வாசலில் வரிசையாக விட்டார்கள். தாழ்வாரம் முழுக்க ரத்தம் செருப்பில் பிசுபிசுத்தது. ஒருவருக்குத் தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. ஒரு பெண்ணுக்கு மார்பு ஒருபக்கமாக உள்ளே போயிருந்தது, மூச்சு விசில் போல வந்தது. முன்பெல்லாம் யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களை முதலில் உள்ளே இழுப்பாள். அன்றைக்கு அவள் வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தாள். கடைசியில் கிடந்த ஆளின் கண்மணி இரண்டும் விரிந்து அசையாமல் இருந்தது. அவரைத் தொடாமல் தாண்டிப்போய், மார்பு நசுங்கிய பெண்ணை உள்ளே இழுத்தாள். அந்தப் பெண் பிழைத்தாள். கடைசி ஆள் அங்கேயே செத்தார். "சரியா முடிவெடுத்தீங்க," என்றார் பணியிலிருந்த டாக்டர். அன்று வீட்டுக்குப் போனதும் அவள் குளியலறையில் வாந்தி எடுத்தாள்.

அடுத்த வாரம் நாற்பத்தேழாவது கணக்கு வந்தது.

ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. ஒரு ஆறு, ஒரு பாலம். இந்தக் கரையில் சிறு நகரம். அதில் ஓடிவந்து தஞ்சம் புகுந்த ஜனங்கள், காயம்பட்டவர்கள். அந்தக் கரையில் எண்ணூறு மீட்டர் தள்ளி ஒரு செங்கல் சூளை. சூளையில் முப்பத்தெட்டு பேர் இரண்டு மணி நேரமாக எதிரியைத் தடுத்து நிற்கிறார்கள். பாலத்தில் வெடி கட்டியாகிவிட்டது. வெடிப் பிரிவின் இளம் லெஃப்டினன்ட் ஒருவரும் ஆறு சிப்பாய்களும் அங்கே இருக்கிறார்கள். ரேடியோ செத்துவிட்டது, கேட்க ஆளில்லை. மாலை நாலு பத்துக்குச் சூளை விழுகிறது. மிஞ்சியவர்கள் பாலத்தை நோக்கி ஓடிவருகிறார்கள். எதிரியின் ஆறு கவச வண்டிகள் பின்னாலேயே வருகின்றன. ஓடிவருபவர்களில் முதல் ஆள் பாலத்துக்கு நூற்றைம்பது மீட்டரில் இருக்கிறான். நீ அந்த லெஃப்டினன்ட். உன் உத்தரவு என்ன?

கீழே தேதியும் படைப்பிரிவின் எண்ணும் இருந்தன. இரண்டும் அவளுக்கு மனப்பாடம். அண்ணன் சாவை அறிவித்து வந்த ஒற்றைத் தாளில் அதே தேதி, அதே எண், 'செங்கல் சூளை முனையில் வீரமரணம்' என்ற ஒரே வரி. உடல் வரவில்லை.

அந்த ஒரு வரிக்குள் என்ன நடந்தது என்று வீட்டுக்கு யாரும் சொன்னதில்லை. போர் முடிந்து திரும்பிய சிலர் சொன்ன வதந்திதான் மிச்சம். சூளையில் இருந்தவர்களை எதிரிகள் உயிரோடு பிடித்தார்களாம், காதை அறுத்தார்களாம், ஒவ்வொருவராகக் கையைக் கட்டிச் சூளை நெருப்புக்குள் தள்ளினார்களாம். அண்ணி அதைக் கேட்ட நாளிலிருந்து அடுப்பு எரிவதை நின்று பார்க்கமாட்டாள். பற்றவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பதினைந்து நிமிடம் போய் ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே நோயாளிகள் கதவைத் தட்டினார்கள். தாள் வெறுமையாக இருந்தது. சட்டத்தை மீறி அவள் விடையைத் திருப்பினாள். 'உடனே தகர்க்க வேண்டும். லெஃப்டினன்ட் தாமதிக்காமல் அப்படியே செய்தார். தாமதித்திருந்தால் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருப்பார்கள். முப்பத்தெட்டு பேர் ஏற்கத்தக்க இழப்பு.'

அன்றிலிருந்து பத்து நாள் அவளுக்கு வேறு கணக்கு ஓடவில்லை. எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்திலெல்லாம் ஆறும் பாலமும் வரைந்தாள். பாலத்தை அரை நிமிடம் தள்ளித் தகர்த்தால்? முதல் கவச வண்டி பாலத்தில் ஏறிவிடுகிறது. ஆறு சிப்பாய்களும் எதிர்த்துச் சுட்டால்? துப்பாக்கி ரவை கவசத்தில் பட்டுத் தெறிக்கிறது, ஆறு பேரும் சாகிறார்கள், வண்டி நகரத்துக்குள் நுழைகிறது. எப்படிப் போட்டாலும் தெருவெல்லாம் பிணம். பதினோராம் நாள், வரைபடத்தின் ஓரத்தில் கடுகளவு சதுரம் ஒன்று கண்ணில் பட்டது. குறிப்புப் பட்டியலைப் பார்த்தாள். 'பழுதான மணல் லாரி.' அது நின்றது அந்தக் கரையில், பாலத்துக்கு ஏறும் சாலையின் ஓரத்தில். சாலை உயரமான கரைமேல் போகிறது. இரண்டு பக்கமும் சதுப்பு.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் மேசையில் ஆற்றையும் பாலத்தையும் சூளையையும் அமைத்தாள். லேத்துக்காரர் ஓரமாக உட்கார்ந்து பொம்மைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் இரண்டரைக்கு மாடியேறி வந்தார். மேசையைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றார்.

"இது எங்க கிடைச்சுது?"

"ஒரு புத்தகத்தில. பழைய சண்டையாம். நீங்க எதிரி, நான் பாலம். ஆடலாமா?"

அவர் மெதுவாகக் கிட்டே வந்தார். சூளைக்குப் பின்னால் அவள் நட்டிருந்த மரவரிசையைப் பிடுங்கி, இரண்டு விரல் அளவு கீழே நட்டார். "மரம் இங்க இருக்கணும்," என்றார்.

"படத்தில அப்படி இல்லையே."

"படம் தப்பு."

அவள் ஒன்றும் கேட்காமல் பகடையை எடுத்தாள்.

கவச வண்டிகள் சூளையைச் சுற்றிக்கொண்டு வந்தன. ஓடிவரும் பொம்மைகளை அவருடைய இயந்திரத் துப்பாக்கிகள் முதுகில் சுட்டுச் சாய்த்தன. முப்பத்தெட்டில் ஒன்பது போயிற்று. அவள் பாலத்தைத் தகர்க்கவில்லை. லெஃப்டினன்ட்டையும் ஆறு சிப்பாய்களையும் பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்கு ஓடவிட்டாள். லாரியைத் தள்ளிச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். டீசல் தொட்டியைத் துளைத்து நெருப்பு வைத்தார்கள். அதைச் செய்வதற்குள் மூன்று சிப்பாய்களின் மார்பைக் குண்டு பிளந்தது. நெருப்பில் ஒருவன் அகப்பட்டுக்கொண்டான். முதல் கவச வண்டி எரியும் லாரியில் முட்டி நின்றது. இரண்டாவது, சுற்றிக்கொண்டு போகப் பார்த்துச் சதுப்பில் குப்புறச் சரிந்தது. ஓடிவந்தவர்கள் லாரிக்கும் சரிவுக்கும் இடையே ஒரு ஆள் நுழையும் சந்தில் புகுந்து பாலத்தில் ஏறினார்கள். இருபத்தாறு பேர் இந்தக் கரையை எட்டினார்கள். கடைசியாக லெஃப்டினன்ட் பாலத்தின் நடுவில் விழுந்தார். அவள் பாலத்தைத் தகர்த்தாள்.

"இன்னொரு தடவை," என்றார் மாஸ்டர்.

நான்கு முறை ஆடினார்கள். ஒரு முறை லாரி நகரவில்லை, எல்லோரும் செத்தார்கள். மற்ற மூன்றிலும் இருபது பேருக்குக் குறையாமல் திரும்பினார்கள். அவரை அவள் ஜெயித்தது அதுவே முதல் தடவை. லேத்துக்காரர் சாயத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்து நின்றார்.

"ஒவ்வொரு தடவையும் லெஃப்டினன்ட் செத்துடறாரு," என்றாள் அவள்.

மாஸ்டர் அந்தப் பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "ஆமா," என்றார். "நான் செத்திருக்கணும்."

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"அந்த லாரி?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. மத்தியானம் அதோட நிழல்லதான் நாங்க ஏழு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். எனக்குத் தோணல. இருபத்தேழு வயசு. கையில சுவிட்சு. அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

"நூத்தம்பது மீட்டர்ல இருந்தாங்கன்னு போட்டிருக்கு."

அவர் பொம்மையை மேசைமேல் வைத்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அத எழுதிக் குடுத்தவன் நான்தான். நூத்தம்பது மீட்டர் இல்ல. பதினோரு பேர் பாலத்து மேல வந்துட்டாங்க. கையைக் கையை ஆட்டிக்கிட்டு வந்தாங்க. பின்னாடி வண்டி. நான் அமுக்கிட்டேன். பாலம் நடுவில மேல எழும்பி வந்துச்சு. ஆளுங்க முழுசா எழும்பல. ஒரு காலு பூட்ஸோட நம்ம கரையில வந்து விழுந்துச்சு. என் சிப்பாய் ஒருத்தன் அத எடுத்துக்கிட்டு யாரோடதுன்னு கேட்டுக்கிட்டே சுத்தினான். அவனுக்கு அப்பவே புத்தி பேதலிச்சிருச்சு."

"மீதிப் பேரு?"

"அந்தப் பக்கமே நின்னாங்க. கரையில வச்சு சுட்டுட்டாங்க. அஞ்சு நிமிஷத்தில முடிஞ்சுபோச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் கை தானாக மடக்கு நாற்காலியைப் பிடித்தது. இரும்பு நாற்காலி. அதைத் தூக்கியது அவளுக்கு நினைவில்லை. முதல் அடியை அவர் முன்கையால் தடுத்தார். சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எதனுடையது என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அவர் மேசைமேல் சரிந்தார். மணலும் மரங்களும் சிதறின. மூன்றாவது அடிக்கு அவர் கையைத் தூக்கவே இல்லை. முகத்தைக் கொடுத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். புருவம் கிழிந்து ரத்தம் நீலச் சாயம் பூசிய ஆற்றில் இறங்கியது. நாலாவது அடிக்கு ஓங்கியபோது லேத்துக்காரர் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"ஏம்மா, கொன்னுருவ போலிருக்கே. விடு. விட்டுடு."

"என் அண்ணன்," என்றாள். "சூளையில இருந்தான். என் அண்ணன்."

மாஸ்டர் ரத்தத்தினூடே அவளைப் பார்த்தார். "அவர எனக்குத் தெரியும்னு சொல்லமாட்டேன்," என்றார். "ஆனா என்னிக்காவது யாராவது வருவாங்கன்னு தெரியும்."

ஆஸ்பத்திரி ஐந்து நிமிட நடை. லேத்துக்காரர் அவரைத் தன் பட்டறை வண்டியில் ஏற்றினார். அவளும் ஏறிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எக்ஸ்ரேக்கு வேறு ஆள் கிடையாது, கூப்பிட்டால் வரவேண்டியவள் அவள்தான். ஈய மேலங்கியை மாட்டிக்கொண்டு, உடைந்த கையைப் பலகைமேல் நீட்டிவைத்தாள். சட்டைக் கையை வெட்டும்போதுதான் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தழும்புகளைப் பார்த்தாள்.

"அசையாதீங்க," என்றாள். அவர் அசையவில்லை.

திரையில் எலும்பு வந்தது. முன்கை எலும்பு ஒன்று குறுக்காக முறிந்திருந்தது. அதைச் சுற்றி, சதைக்குள், பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். இருபதுக்கு மேல் இருக்கும்.

"பாலத்தோட இரும்பு," என்றார் அவர். "எடுக்கவேண்டாம்னு சொல்லிட்டேன்."

பணியிலிருந்த டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். "படியில உருண்டுட்டேன்," என்றார் மாஸ்டர்.

"இல்ல டாக்டர். நான்தான் அடிச்சேன். நாற்காலியால," என்றாள் அவள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். சட்டப்படி போலீசுக்குச் சொல்லவேண்டியிருந்தது, சொன்னார். வந்த ஏட்டு வாக்குமூலம் கேட்டபோது, புகார் எதுவும் இல்லை என்று மாஸ்டர் இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் ஆஸ்பத்திரி நிர்வாகம் சும்மா விடவில்லை. அடித்தவளே அடிபட்டவருக்குப் படம் எடுத்தது பெரிய பேச்சாகிவிட்டது. திங்கட்கிழமை, ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்று தாள் கொடுத்தார்கள். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் ரவிக்கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்ததும், "இன்னிக்கும் ஏதாவது விபத்தா?" என்றாள்.

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பாலம், லாரி, சுவிட்சு, நூற்றைம்பது மீட்டர் பொய், நாற்காலி. அண்ணி அழுவாள், அல்லது கத்துவாள், அந்த ஆளைத் தேடிக்கொண்டு கிளம்பினாலும் கிளம்புவாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணி மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரையும் உயிரோட பிடிக்கலையா?"

"இல்ல அண்ணி."

"நெருப்பில தள்ளலையா?"

"இல்ல. பாலத்து மேல பதினோரு பேர். மீதிப் பேரைக் கரையில சுட்டாங்க. அண்ணன் எதில இருந்தான்னு தெரியல. எதுவா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல இல்ல."

அண்ணி துணியை முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை. "பத்தொன்பது வருஷமா," என்றாள் பிறகு, "தினமும் அவரை நான் அந்தச் சூளையில எரிச்சுக்கிட்டிருந்தேன் பாப்பா. தினமும்."

அவள் எழுந்து போய் அண்ணியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடிக்கவேண்டும் என்ற வெறி அவளுக்குள் இன்னும் அடங்கவில்லை. அடித்தது தப்பு என்றும் தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை. கை மட்டும் வலித்தது.

மூன்று வாரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு, டிரைவிங் ஸ்கூல் பலகை மாட்டிய கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்த ஊழியர் இறங்கித் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டார். மாஸ்டர் மாவுக்கட்டுப் போட்ட கையோடு பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். கதவைத் திறக்க மனம் வரவில்லை.

"நான்தான் வரச்சொல்லி ஆள் விட்டேன்," என்றாள் அண்ணி, தலையை வாரிக்கொண்டே. "நீ உள்ளயே இரு. நாற்காலியெல்லாம் பத்திரமா வச்சுக்கோ."

அண்ணி போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கார் நகரவில்லை. ஜன்னல் வழியாக இருவருடைய பின்தலை மட்டும் தெரிந்தது. ஒரு முறை அவர் நல்ல கையால் எதையோ காற்றில் வரைந்து காட்டினார். ஒரு முறை அண்ணி ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் அவளைத் தொடவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊழியர் இரண்டு முறை டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அண்ணி உள்ளே வந்ததும் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"பதினோரு பேர்ல கடைசியா வந்த ஆளு நல்ல உசரமாம்," என்றாள். "முதுகுல அடிபட்ட ஒருத்தனத் தூக்கிக்கிட்டு ஓடிவந்தாராம். அந்த பாரத்தினாலதான் பின்தங்கிட்டாராம். இல்லேன்னா முன்னாடியே தாண்டியிருப்பாராம். முகம் நினைவில இல்லையாம் அந்த மனுஷனுக்கு."

"அது அண்ணன்தான்னு எப்படித் தெரியும்?"

அண்ணி செம்பைக் கவிழ்த்துவைத்தாள்.

"உங்க அண்ணன் என்னிக்கு வெறுங்கையோட வீட்டுக்கு வந்திருக்காரு?" என்றாள்.